கதையை அனுப்பும் முன் இதழை வாசி

அன்பு மகளுக்கு,

இரவு ஷிப்டுகளுக்கு நடுவே நான்கு கதைகளை முடித்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இனி உனக்காகப் பதிப்பகங்களிடம் பேசும் ஏஜென்டைத் தேடுவதா, போட்டிகளுக்கு அனுப்புவதா என்று கேட்டிருக்கிறாய். இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வை. நீ இருக்கும் அயர்லாந்தில் சிறுகதைக்குத் தலைவாசல் சிற்றிதழ்தான். புக்கர் பரிசு வாங்கியவர்களின் பெயர்கள் செய்தியில் வருவதால் அவை மட்டும் நம் கண்ணில் படுகின்றன. அந்தப் பெயர்களில் பலவற்றை முதலில் அச்சில் பார்த்தவர்கள் சிற்றிதழ் வாசகர்களே.

‘தி ஸ்டிங்கிங் ஃப்ளை’யை எடுத்துக்கொள். 1997-இல் டப்ளினில் தொடங்கியது, முதல் இதழ் 1998-இல் வந்தது. ஆண்டுக்கு இரண்டு இதழ். பிறகு அதே பெயரில் ஒரு பதிப்பகமும் வந்தது. கெவின் பேரியின் முதல் சிறுகதைத் தொகுப்பை 2007-இல் போட்டவர்கள் அவர்கள். காலின் பாரெட்டின் முதல் தொகுப்பு 2013-இல் அங்கேதான் வந்தது. அடுத்த ஆண்டே அதற்கு கார்டியன் முதல் நூல் பரிசு கிடைத்தது. நாவலாசிரியர் சாலி ரூனியின் கவிதைகள் அவருடைய இளம் வயதிலேயே அந்த இதழில் வந்தன. 2018-இல் அதன் இரண்டு இதழ்களுக்கு அவரே ஆசிரியராக இருந்தார். அவருக்கு ஏஜென்ட் கிடைத்த விதத்தையும் தெரிந்துகொள். 2015-இல் ‘தி டப்ளின் ரிவ்யூ’வில் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த ஏஜென்ட் அவரைத் தேடி வந்தார். ஏஜென்டுகளும் பதிப்பாசிரியர்களும் இந்த இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். அதனால்தான் ஏஜென்ட் வேட்டை இப்போது வேண்டாம் என்கிறேன்.

நம் ஊர்ச் சிற்றிதழ்கள் பெரும்பாலும் ஆசிரியரின் கைக்காசில் ஓடியவை. அங்கே 1951-இல் அமைந்த ஆர்ட்ஸ் கவுன்சில் என்ற அரசு அமைப்பு இதழ்களுக்கு மானியம் தருகிறது. நல்ல இதழ்கள் எழுதியவருக்குச் சன்மானம் கொடுப்பதற்கு அந்த மானியம் ஒரு முக்கியக் காரணம். எழுத்தாளருக்கும் அரசு நேரடியாகவே கை கொடுக்கிறது. படைப்பால் வரும் வருமானத்துக்கு 1969 முதல் வரிவிலக்கு உண்டு, இப்போதைய வரம்பு ஆண்டுக்கு 50,000 யூரோ. 2022-இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் தரும் முன்னோட்டத் திட்டம் வந்தது. தகுதியுள்ள விண்ணப்பங்களிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் பெரிய கலைஞர் என்று ஒரு குழு உட்கார்ந்து எடை போடாமல் விட்டது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. புத்தகத்துக்கு அங்கே மதிப்புக்கூட்டு வரியும் கிடையாது.

இனி வேலைக்கு வருகிறேன். முதலில் ஒரே ஒரு இதழைத் தேர்ந்தெடு. கதைக்கு ஸ்டிங்கிங் ஃப்ளை, பான்ஷி இரண்டில் ஒன்று போதும். கதையாக இல்லாமல் அனுபவக் கட்டுரையாக எழுதினால் டோல்கா. கடைசியாக வந்த இரண்டு இதழ்களை வாங்கி, பென்சிலும் கையுமாக முழுவதும் படி. கதைகள் எத்தனை சொற்களில் முடிகின்றன, முதல் பத்தியில் என்ன நடந்துவிடுகிறது, எங்கே நிறுத்துகிறார்கள் என்று ஓரத்தில் குறித்துவை. உன் கதை 6,000 சொல்; அந்த இதழில் வருபவை எல்லாம் அதில் பாதி என்றால், அனுப்புவதற்கு முன்பே உனக்கு விடை கிடைத்துவிட்டது. இதழ் இன்னும் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள். ‘தி மாத்’ என்ற அழகான இதழ் 2023-இல் நின்றுவிட்டது. பழைய பட்டியல்களை நம்பி அனுப்பினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

பேச்சுக்கு மேற்கோள்குறி போடுவதா என்பது அங்கே பெரிய விஷயம். நாவலாசிரியர் ராடி டாய்ல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குவார். சாலி ரூனி எந்தக் குறியும் போடுவதில்லை. 2023-இல் புக்கர் பெற்ற பால் லிஞ்சின் நாவலில் மேற்கோள்குறியும் இல்லை, பத்தி பிரிப்பும் இல்லை. இதைப் பார்த்துவிட்டுப் புதிதாக எழுதுகிறவர்கள் குறிகளை எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் கதையில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவதால், யார் பேசுகிறார் என்று தெரியாமல் வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார். உன் கதையில் வார்டில் மூன்று பேர் பேசும் காட்சி இருக்கிறதல்லவா, அதில் குறிகளை நீக்கி ஒரு தோழியிடம் கொடு. அவள் எந்த வரியில் பின்னால் போய்த் திரும்பப் படிக்கிறாளோ அந்த இடத்தில் ஆளின் பேச்சுநடை போதவில்லை என்று அர்த்தம். நடையைத் திருத்த முடிந்தால் திருத்து, முடியாவிட்டால் குறியைப் போட்டுவிடு. ஆசிரியர்கள் குறி போட்டதற்காகக் கதையைத் தள்ளுவதில்லை.

இதழ்கள் ஆண்டு முழுவதும் படைப்பு வாங்குவதில்லை. சில வாரங்கள் மட்டும் திறந்திருக்கும், அந்த நேரத்தில் மின்படிவம் வழியாக அனுப்ப வேண்டும். கடைசி நாள் இரவுக்கு வைக்காதே, சில இதழ்கள் ஒரு எண்ணிக்கை சேர்ந்ததும் மூடிவிடும். வேர்ட் கோப்பு, 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, பக்க எண். அலங்காரம் எதுவும் வேண்டாம். இதழுக்கு அனுப்பும்போது பெயர் இருக்கலாம். போட்டி என்றால் பெரும்பாலும் பெயர் இருக்கவே கூடாது. கோப்பின் பெயரிலோ பக்கத்தின் மேல்வரியிலோ உன் பெயர் தங்கிவிட்டால், எவ்வளவு நல்ல கதையானாலும் வெளியேதான்.

கூட அனுப்பும் கடிதம் ஐந்தாறு வரி போதும். கதையின் பெயர், சொல் எண்ணிக்கை, உன்னைப் பற்றி இரண்டு வரி. கதை எதைப் பற்றியது என்று விளக்காதே. ஆசிரியர் அதைக் கதையில்தான் கண்டுகொள்ள வேண்டும். ஆசிரியரின் பெயரைத் தேடிப் பிடித்து, பெயர் சொல்லித் தொடங்கு. டிராம்ப் பிரஸ் என்ற பதிப்பகத்தை 2014-இல் தொடங்கியவர்கள் இரண்டு பெண்கள். அவர்களுக்கே ‘டியர் சர்ஸ்’ என்று கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அப்படித் தொடங்கும் கடிதங்களை இனி ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்துவிட்டார்கள். சின்னப் பதிப்பகம், ஆனால் மைக் மெக்கார்மக்கின் ஒரே வாக்கியத்தில் ஓடும் ‘சோலார் போன்ஸ்’ நாவலை 2016-இல் துணிந்து போட்டவர்கள். அப்போது புக்கருக்கு பிரிட்டனில் வெளியான நூல்களே தகுதி பெற்றன. அங்கே இன்னொரு பதிப்பகம் வெளியிட்ட பிறகுதான் அது 2017-இன் நெடும்பட்டியலுக்கு, அதாவது முதற்கட்டத் தேர்வுப் பட்டியலுக்கு, வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு விதி மாறி, அயர்லாந்துப் பதிப்பகங்களும் நேரடியாக அனுப்பலாம் என்றானது.

ஒரு கதையை முகநூலிலோ வலைப்பூவிலோ போட்டுவிட்டால், பெரும்பாலான இதழ்கள் அதை ஏற்கெனவே வெளியானதாகவே கருதும். தோழிகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் கோப்பாக அனுப்பு. ஒரே கதையை இரண்டு இதழுக்கு அனுப்பலாமா என்பது இதழுக்கு இதழ் மாறும், விதியைப் பார். அனுமதி இருந்து, ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால், அன்றைக்கே மற்ற இடத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்து சின்ன நாடு, இலக்கிய வட்டம் அதைவிடச் சின்னது. சொல்லாமல் விட்டால் அது நெடுநாள் நினைவில் நிற்கும். ஒரு நோட்டில் கதை, இதழ், தேதி, முடிவு என்று எழுதி வைத்துக்கொள்.

பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ‘எங்களுக்குப் பொருந்தவில்லை’ என்ற பொதுவான வரி வந்தால் அதில் அர்த்தம் தேடாதே. ‘இன்னொன்று அனுப்புங்கள்’ என்று தனியாக ஒரு வரி இருந்தால் அதை அப்படியே நம்பு. நூற்றுக்கணக்கில் படிப்பவர்கள் உபசாரத்துக்காக அதை எழுதுவதில்லை. அடுத்த முறை திறக்கும்போது வேறொரு கதையை அனுப்பு. திருப்பி வந்ததையே திருத்தி அனுப்புவது, அவர்கள் கேட்டால் மட்டும்.

ஏற்றுக்கொண்டால் திருத்தங்கள் வரி வரியாக வரும். அவற்றை மரியாதையாக எடுத்துக்கொள், நல்ல ஆசிரியரின் கவனம் காசு கொடுத்தும் கிடைக்காது. ஆனால் அம்மாச்சி, கஷாயம் போன்ற சொற்களுக்கு அடைப்புக்குள் விளக்கம் கேட்டால் தயங்காமல் மறுத்துப் பேசு. அங்கே ஐரிஷ் சொற்கள் ஆங்கிலக் கதைகளில் விளக்கம் இல்லாமலே நிற்கின்றன, உன் சொற்களும் நிற்கலாம். மெலாட்டு உச்சே ஒகோரியின் ‘திஸ் ஹாஸ்டல் லைஃப்’ தொகுப்பைத் தேடிப் படி. 2018-இல் ஸ்கீன் பிரஸ் வெளியிட்டது. நைஜீரியாவில் பிறந்தவர். அடைக்கலம் கேட்டு வந்தவர்களைத் தங்கவைக்கும் விடுதியில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். அந்த விடுதிப் பெண்கள் பேசும் ஆங்கிலத்தை இலக்கணப்படி நிமிர்த்தாமல் அப்படியே எழுதினார். புலம்பெயர்ந்து வந்தவளுக்கு இங்கே இடம் உண்டா என்று கேட்டாயே, இந்தச் சின்னப் புத்தகத்தைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கிளேர் கீகனையும் விட்டுவிடாதே. அவருடைய ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ குறுநாவல் நூறு பக்கத்தைச் சற்றே தாண்டும். 1985 கிறிஸ்துமஸ், நியூ ராஸ் ஊர், ஒரு நிலக்கரி வியாபாரி, கன்னியர் மடத்துச் சலவைக்கூடம். அந்தச் சலவைக்கூடங்களில் பெண்களுக்கு நடந்த கொடுமைக்கு அரசு 2013-இல்தான் மன்னிப்புக் கேட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தை அவர் எங்கும் குரல் உயர்த்தாமல் எழுதியிருக்கிறார். முதல் வாசிப்பில் கதையைப் படி, இரண்டாம் வாசிப்பில் அவர் சொல்லாமல் விட்டவற்றை மட்டும் எண்ணிக்கொண்டு போ. வார்டில் பார்த்ததை எல்லாம் கொட்டிவிட வேண்டும் என்ற உன் அவசரத்துக்கு அது நல்ல மருந்து.

இதற்கெல்லாம் காசு அதிகம் ஆகாது. பொது நூலக அட்டை இலவசம். 2019 ஜனவரி முதல் தாமதக் கட்டணமும் கிடையாது. உன் கிளையில் இல்லாத புத்தகத்தை நாட்டின் வேறு கிளையிலிருந்து வரவழைக்கலாம். சில கிளைகளில் ‘மை ஓபன் லைப்ரரி’ ஏற்பாடு உண்டு, பதிவு செய்தால் காலை 8 முதல் இரவு 10 வரை, ஞாயிறு உட்பட, ஊழியர் இல்லாத நேரத்திலும் உள்ளே போகலாம். ஷிப்டில் வேலை பார்ப்பவளுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. பஸ்ஸில் படிக்க, நூலக மின்னூல்களைத் தரும் பாரோபாக்ஸ் செயலி.

புத்தக வெளியீடுகளுக்குத் தயங்காமல் போ. டப்ளினில் டாசன் தெருவில் ஹாட்ஜஸ் ஃபிகிஸ் இருக்கிறது, 1768-இல் தொடங்கிய கடை. டோலியர் தெருவில் புக்ஸ் அப்ஸ்டேர்ஸ். கால்வே போனால் சார்லி பைர்ன்ஸ். வெளியீடு பெரும்பாலும் வேலைநாள் மாலையில், அழைப்பிதழ் தேவையில்லை. மூத்த எழுத்தாளர் ஒருவர் பேசுவார், நூலாசிரியர் சில நிமிடம் வாசிப்பார், பிறகு கையெழுத்து வரிசை. ஒரு பிரதி வாங்குவதுதான் மரியாதை. அங்கே வந்திருக்கும் ஆசிரியரிடம் உன் கதையை நீட்டாதே. அவர் இதழில் நீ படித்த ஒரு கதையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசு, போதும். கவிதை எழுத ஆரம்பித்தால் போயட்ரி அயர்லாந்து என்ற அமைப்பு இருக்கிறது. டப்ளின் பார்னெல் சதுக்கத்தில் 19-ஆம் எண் ஐரிஷ் ரைட்டர்ஸ் சென்டர். பிற்பாடு நாவல் எழுதினால் அவர்களுடைய நாவல் ஃபேர் நினைவிருக்கட்டும்: முதல் 10,000 சொல்லும் கதைச்சுருக்கமும் அனுப்ப வேண்டும், தேர்வாகும் பன்னிரண்டு பேர் பதிப்பாளர்களையும் ஏஜென்டுகளையும் நேரில் சந்திக்கலாம்.

ஐரிஷ் மொழி எழுத்தை ஒரு ஓரமாக நினைத்துவிடாதே. நூலா நீ கோனல் ஐரிஷில் மட்டுமே கவிதை எழுதுபவர். 1990-இல் வந்த அவருடைய இருமொழித் தொகுப்பை ஆங்கிலத்தில் தந்தவர்கள் பதின்மூன்று கவிஞர்கள். பிடி ஜென்கின்சன் என்ற கவிஞரோ, அயர்லாந்துக்குள் தன் கவிதைகள் ஆங்கிலத்தில் வருவதையே விரும்பாதவர். மார்ட்டின் ஓ கையின் எழுதி 1949-இல் வெளிவந்த ‘க்ரே ந கில்ல’ நாவலில் பேசுகிறவர்கள் எல்லோரும் கல்லறைக்குள் இருக்கும் பிணங்கள். அதன் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015-இல்தான் வெளிவந்தது, மறு ஆண்டே இன்னொன்றும் வந்தது. இரண்டையும் எடுத்து ஒரே பகுதியை அருகருகே வைத்துப் படி. பேச்சைப் பேச்சாகவே வைப்பது எவ்வளவு கடினம் என்று வேறு எந்த வகுப்பிலும் இப்படிக் கற்க முடியாது.

கடைசியாக ஒன்று. கதை ஏற்கப்பட்டு ஒப்பந்தம் வந்தால் நிதானமாகப் படி. முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் கொடு. பதிப்புரிமை உன்னிடமே இருக்க வேண்டும், பின்னால் தொகுப்பில் சேர்க்கத் தடை இருக்கக் கூடாது. நான்கு கதைகளில் அந்த லிஃப்ட் கதையை முதலில் அனுப்பு, வார்டு கதை இன்னும் கொஞ்சம் ஆறட்டும். எந்த இதழ் என்று முடிவு செய்ததும் சொல், நானும் அதை வரவழைத்துப் படிக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா