பிப்ரவரியில் துருபதேசக்காரர், அக்டோபரில் நம்மவரா? நம் ஐக்கியத்தின் ஆயருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஒஹாயோ, அக்டோபர் 2012

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர் அவர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து டீக்கு எழுந்தபோது என் கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். நவம்பர் 6 அதிபர் தேர்தலில், ஒபாமாவை எதிர்த்து நிற்கும் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னிக்கு வாக்களிப்பது விசுவாசிகளின் கடமை என்று அதில் இருந்தது. பிரபல சுவிசேஷகர் பில்லி கிரகாம் ஐயா அவரைத் தம் வீட்டில் சந்தித்து ஜெபித்த செய்தியையும் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். நான் வீட்டுக்குப் போனதும் என் வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவும் நீங்கள் கொடுத்ததுதான். பிப்ரவரி மாதம், இந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால். ‘மார்மனுக்கு ஒரு கிறிஸ்தவன் வாக்களிக்கலாமா?’ என்பது தலைப்பு. ஜோசப் ஸ்மித் தொடங்கிய, நம்மில் பலர் கிறிஸ்தவம் என்றே ஏற்காத சபையைச் சேர்ந்தவர்தான் மார்மன். கூடவே கூடாது, அவர்கள் துருபதேசக்காரர், அதாவது கள்ள உபதேசம் பேசுகிறவர்கள் என்பது பதில். இரண்டு தாளிலும் ஒரே எழுத்துரு. இரண்டிலும் ‘வேட்ப்பாளர்’ என்றே பிழையோடு அச்சாகியிருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் நிலை மாறவில்லை.

ராம்னி பிப்ரவரியிலும் மார்மன்தான், அக்டோபரிலும் மார்மன்தான். நடுவில் அவர் எங்கேயும் போய் ஞானஸ்நானம் எடுத்ததாகத் தெரியவில்லை.

இதை ஏன் எல்லாரும் படிக்க எழுதுகிறேன் என்று நீங்கள் கோபப்படலாம். மார்ச் மாதமே ஆயர் அவர்களிடம் நேரில் பேசினேன். “ஜெபத்தில் வைத்திருக்கிறோம், பிரதர்” என்றார். ஜூலையில் மூப்பர்களுக்குக் கடிதம் கொடுத்தேன். அதுவும் ஜெபத்தில்தான் இருக்கிறது போலும். என் வேண்டுகோள் சின்னது. பிப்ரவரித் தாளில் எழுதியது தவறு என்று, அது கொடுக்கப்பட்ட அதே மண்டபத்தில், அறிவிப்பு வேளையில் ஒருவர் எழுந்து சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

என் மூத்த மகளின் கணவர் மார்மன் சபைக்காரர் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஐடஹோவில் பிறந்தவர். காலையில் தம் சபைக்குப் போய்விட்டு, மதியம் எங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு நான்கு மணி ஆராதனைக்கு வருவார். மூன்று வருடம் அப்படி வந்தார். வாடகை மண்டபத்தில் மடக்கு நாற்காலிகளை விரித்தவரும் அவர்தான், முடிந்ததும் மடக்கி அடுக்கியவரும் அவர்தான். காபியோ டீயோ தொடாத பிள்ளை, நம் சனங்களுக்குப் பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஊற்றிக்கொடுப்பார். அவருடைய விசுவாசம் என்னவென்று அப்போது யாரும் கேட்டதில்லை. நாற்காலிக்கு உபதேசம் கிடையாதே!

என் மகள் அவருக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்திருந்தாள். பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிப்பார். அந்த பிப்ரவரி ஞாயிறும் அப்படித்தான், கையில் கிடைத்த தாளை ஆர்வமாகக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். ‘மார்மன்’ என்ற சொல்லை உடனே கண்டுபிடித்துவிட்டார், முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் அடுத்த சொல். “து... ரு... ப... தே... சம். மாமா, இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார்.

எனக்கு வயது 67. இந்த நாட்டுக்கு வந்து 31 வருடம் ஆகிறது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில், குடியுரிமை அலுவலகத்தில், ஒருமுறை நீதிமன்றத்திலும்கூட. அன்றைக்கு அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை. “கஷ்டமான வார்த்தை, அப்புறம் சொல்கிறேன்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நாற்காலி மடக்கப் போனார். அன்று இரவே என் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எங்களை மண்டப வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடிகிறவரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். சனவரியில் பிறந்த என் பேரனும் அவரோடு காரில்தான் இருக்கிறான்.

அந்தத் தாளின் சரக்கு நம்முடையதல்ல என்பதும் எனக்குத் தெரியும். 2011 அக்டோபரில் வாஷிங்டனில் நடந்த ஒரு மாநாட்டில் ராம்னியோடு கட்சிக்குள் போட்டியிட்ட ரிக் பெரியை அறிமுகம் செய்த டல்லஸ் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ், வெளியே வந்து பத்திரிகையாளர்களிடம் மார்மன் மார்க்கம் ஒரு ‘கல்ட்’ என்றார். அதைத்தான் நீங்கள் ‘துருபதேசக் கூட்டம்’ என்று தமிழாக்கினீர்கள். சரி. அதே ஜெஃப்ரஸ் இந்த வருடம் ஏப்ரலிலேயே, ஒபாமாவுக்கு ராம்னி மேல் என்று ஆதரவு சொல்லிவிட்டார். இந்த மாதம் பில்லி கிரகாம் ஊழியத்தின் இணையதளத்திலிருந்தும் மார்மன்களை அந்த வரிசையில் வைத்திருந்த பக்கம் காணாமல் போய்விட்டது. உபதேசம் மாறியதா, தேர்தல் நெருங்கியதா என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். போகட்டும், அவர்கள் பெரிய இடத்துக்காரர்கள். அவர்கள் பின்னாலேயே நாமும் முதலில் வலதுபக்கம், பிறகு இடதுபக்கம் என்று திரும்பவேண்டுமா?

அந்தச் சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு சரித்திரம் உண்டு. 1838 அக்டோபரில் மிசௌரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை எதிரிகளாக நடத்தவேண்டும், அழித்தொழிக்கவேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்டவேண்டும் என்று உத்தரவு போட்டார். மூன்று நாளில் ஹான்ஸ் மில் என்ற குடியிருப்பில் 17 பேரைக் கொன்றார்கள். அந்த உத்தரவை முறைப்படி ரத்து செய்ததே 1976-இல்தான். என் மருமகனின் முன்னோர் அந்தக் குளிர்காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு ஓடியவர்கள். ‘கள்ளத் தீர்க்கதரிசியின் கூட்டம்’ என்று நாம் சாவகாசமாக அச்சடித்த வரி அந்தக் குடும்பத்துக்குப் பழைய வரி.

ஒரு வேட்பாளரின் விசுவாசத்தைப் பற்றிப் பேசவே கூடாதா என்றால், பேசலாம். ஆளுகையைத் தொடும் இடத்தில் தாராளமாகக் கேட்கலாம். மார்மன் சபை 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கொடுக்கவில்லை. அப்போது ராம்னிக்கு 31 வயது. அதைப் பற்றி அவர் அன்று என்ன நினைத்தார் என்று கேட்பது நியாயமான கேள்வி. இதே கேள்வியை என் மருமகனிடம் நானே கேட்டிருக்கிறேன். “அது தவறு மாமா, என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார்” என்றார். மாசசூசெட்ஸ் ஆளுநராக 2006-இல் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு என்று சட்டம் கொண்டுவந்தவர், அதே சாயலில் ஒபாமா கொண்டுவந்ததை ரத்து செய்வேன் என்கிறாரே, ஏன்? கருக்கலைப்பு விஷயத்தில் முன்பு ஒன்றும் இப்போது ஒன்றும் சொல்கிறாரே, எதை நம்புவது? அவரை எடைபோட இப்படி எவ்வளவோ இருக்கிறது. உங்கள் இரண்டு தாளிலும் இதில் ஒன்றுகூட இல்லை. பிப்ரவரியில், தேவதூதன் காட்டியதாக ஜோசப் ஸ்மித் சொன்ன பொன் தகடுகளும் அவர்கள் உள்ளே உடுத்தும் ஆடையும்தான் இருந்தன. அக்டோபரில் ஒரு புகைப்படம்.

பொன் தகட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். என்னோடு 20 வருடம் வேலை பார்த்த இந்து நண்பர் ஒருநாள் மிகவும் தயங்கித் தயங்கி, “தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் சாமியின் ரத்தம் என்று சொல்லித்தான் குடிக்கிறீர்களா?” என்று கேட்டார். வெளியே நின்று பார்த்தால் எல்லார் வீட்டுச் சடங்கும் விசித்திரம்தான்.

1960-இல் கென்னடிக்கும் இதே கதி. கத்தோலிக்கர் வந்தால் போப்பாண்டவர்தான் வெள்ளை மாளிகையை ஆள்வார் என்று புராட்டஸ்டண்ட் போதகர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். ஹூஸ்டனில் அந்தப் போதகர்கள் முன்னாலேயே போய் நின்று, நான் கத்தோலிக்க வேட்பாளர் அல்ல, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், கத்தோலிக்கனாகவும் இருக்கிறேன் என்று அவர் சொல்லவேண்டியிருந்தது. 47 வருடம் கழித்து, 2007 டிசம்பரில், அதே டெக்சஸ் மாநிலத்தில் ராம்னியும் அதே மாதிரி ஒரு உரை ஆற்றவேண்டி வந்தது. விசுவாசத்துக்காக ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும் கூடாது, நிராகரிக்கவும் கூடாது என்றார். அதில் முதல் பாதியை அக்டோபர்த் தாள் எழுதியவரும் இரண்டாம் பாதியை பிப்ரவரித் தாள் எழுதியவரும் வாசிக்கவேண்டும். இரண்டு பேரும் ஒருவரேயானால் முழுவதையும் வாசிக்கட்டும். எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக்கூடாது என்று இந்த நாட்டு அரசியலமைப்பின் ஆறாவது பிரிவே சொல்கிறது. நாமெல்லாரும் கையை உயர்த்திச் சத்தியம் செய்துதானே குடியுரிமை வாங்கினோம்? அந்தச் சட்டம் வாக்காளரின் மனதைக் கட்டாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருமான வரி விலக்கு வாங்குகிற சபை எந்த வேட்பாளருக்கு ஆதரவாகவும் எதிராகவும் பிரசாரம் செய்யக்கூடாது என்று 1954 முதல் இருக்கிற விதி நம் பொருளாளரைக் கட்டும். அவர் அதை ஒருமுறை படித்தால் நல்லது.

ஒபாமாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். 2008-இல் அவர் 20 வருடம் தவறான போதகரின் சபைக்குப் போனார் என்று குற்றம் சொன்னோம். இப்போது அவர் சபைக்கே போகாதவர், உள்ளுக்குள் முஸ்லிம் என்கிறோம். ஒரே மனிதர் எப்படி ஐயா இரண்டாகவும் இருக்க முடியும்? முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன?

உபதேச சுத்தம் பேசுகிற நாம் நம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் தேடும்போது என்ன கேட்கிறோம்? நம் ஐக்கியத்தின் செய்திமடலிலேயே, ‘இரட்சிக்கப்பட்ட’ மணமகன் தேவை என்று எழுதி அடுத்த வரியில் சாதியையும் போடுகிறோம். அது எந்த உபதேசத்தில் சேர்த்தி? என் மகள் மார்மனைக் கட்டினாள் என்று துக்கம் விசாரிக்க வந்த ஒரு மூப்பர், “நம்ம ஆளுங்கள்லயே கிடைக்கலையா?” என்றார். அவர் ‘ஆளுங்க’ என்றது எந்த ஆட்களை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவேண்டும். நீங்கள் எங்களுக்குச் செய்த நன்மைகளை மறந்தவன் அல்ல நான். என் மனைவி அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது ஆறு வாரம் இந்தச் சபைதான் சோறு போட்டது. வாரத்தில் இரண்டு நாள் மருமகனின் சபைப் பெண்களும் கொண்டுவந்தார்கள், உப்பு உறைப்பு இல்லாத சாப்பாடு, அதையும் சொல்லவேண்டும்.

ஆகவே தாழ்மையாக மறுபடியும் கேட்கிறேன். ராம்னிக்கு ஓட்டுப் போடுங்கள், ஒபாமாவுக்குப் போடுங்கள், என் ஓட்டு யாருக்கு என்பதை நான் சொல்லப்போவதில்லை. பிப்ரவரித் தாளைத் தவறு என்று சொல்லித் திரும்பப் பெறுங்கள். அக்டோபர்த் தாளையும் கூடவே எடுத்துவிடுங்கள். தேர்தல் முடியட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முடிந்தபின் அது யாருக்கும் வேண்டியிராது, எங்களைத் தவிர.

இந்த ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்கு மருமகன் வழக்கம்போல் வாசலில் காரை நிறுத்துவார். நாற்காலிகளை இப்போது நானும் இன்னொரு பெரியவரும்தான் மடக்குகிறோம். அறிவிப்பை அவருக்காக ஆங்கிலத்தில் சொல்லவேண்டியதில்லை. தமிழிலேயே சொல்லுங்கள். நான் உள்ளே அழைத்து வந்து உட்காரவைக்கிறேன், அவருக்கு இப்போது நன்றாகவே புரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் ஐக்கியத்தின் அங்கத்தினன்