கனடாவுக்கு மை அனுப்பும் பேனாக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நவம்பர் பிறந்ததும் உங்களில் பலருடைய இணையதளத்தில், பணம் செலுத்தும் பக்கத்தின் அடியில், ஒரு சிறு கட்டம் முளைத்துவிடுகிறது. குளிரில் மை உறைந்து புட்டி உடைந்தால் கடை பொறுப்பல்ல, அதை நான் ஏற்கிறேன் என்பது அதன் சாரம். டிக் போடாமல் ஆர்டர் நகராது. நான் கனடாவின் வின்னிபெக் நகரவாசி. ஜனவரி இரவுகளில் இங்கே வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவது செய்தியே அல்ல. அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

போன குளிர்காலத்தில் ஒரு கடை அனுப்பிய புட்டி அடி விண்டு வந்து சேர்ந்தது. அதைச் சுற்றியிருந்தது ஒற்றைச் சுற்று பபிள் ராப் மட்டுமே. படம் எடுத்து அனுப்பினேன். நான் டிக் போட்டிருந்ததை மிகுந்த மரியாதையுடன் நினைவூட்டிப் பதில் வந்தது. கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் இருந்தது.

சென்னையிலிருந்து அனுப்பும் கடைக்காரர்களுக்கு உறைதல் என்றால் மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டிப்படுவதுதான் நினைவுக்கு வரும். எண்ணெய் உறையும்போது சுருங்கும். வெயிலில் வைத்தால் பழையபடி ஆகிவிடும். மை அப்படியல்ல. அதில் பெரும்பங்கு நீர். நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிகிறது. 50 மில்லி புட்டியில் அது ஏறக்குறைய நாலரை மில்லி. புட்டிக்குள் காலியிடம் இருந்தாலும் நம்ப முடியாது: குறுகிய கழுத்துப் பகுதி முதலில் உறைந்து அடைத்துக்கொண்டால், உள்ளே மிச்சமுள்ள மை விரிய வழியின்றிச் சுவரையும் அடியையும் நெம்பும். இரும்புக் குழாயையே பிளக்கும் விசை அது. பைலட் நிறுவனத்தின் இரோஷிசுகு மைப்புட்டியின் தடித்த அடிக்கண்ணாடி மேசைக்கு அழகு. இந்த விசைக்கு முன் அதை நம்பியிருக்க முடியாது. டயமைன் நிறுவனத்தின் 30 மில்லி பிளாஸ்டிக் புட்டி சற்றே வளைந்து கொடுக்கும். மையை வாய் வரை நிரப்பி விற்கும் உற்பத்தியாளர்களும் உண்டு. தாராள மனம் என்று பாராட்டுவோம், கோடையில்.

இன்னொரு சங்கடம். உறைந்த மை ஒழுகாது. கூரியர்காரர் பார்சலைக் கொடுக்கும்போது அட்டைப்பெட்டி உலர்ந்து, சுத்தமாக இருக்கும். வீட்டுக்குள் வந்து பனி இளகிய பிறகுதான் விரிசல் வழியே மை இறங்கத் தொடங்கும், அதுவும் பெரும்பாலும் வெளிர்நிற விரிப்பின் மேல். "நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது" என்று அதற்குள் பதிவாகியிருக்கும்.

புட்டி உடையவில்லை என்றால் சேதமே இல்லை என்று சிலர் எழுதுகிறீர்கள். சாய மைகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி: அறை வெப்பத்துக்கு வந்தபின் மெல்ல அசைத்தால் சாயம் மீண்டும் கரைந்துவிடும். நிறமித்துகள் மைகளுக்கு இதைச் சொல்ல முடியாது. பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ போன்றவற்றில் மிக நுண்ணிய துகள்கள் நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகியிருப்பதுதான் அந்த மையின் உயிர். நீர் உறையும்போது படிகம் தனக்குள் நீரை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றதையெல்லாம் மிச்சத் திரவத்துக்குள் ஒதுக்கித் தள்ளுகிறது. அந்த நெரிசலில் ஒட்டிக்கொண்ட துகள்கள் இளகிய பிறகும் பிரிந்துவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கண்ணுக்குப் பழுதில்லாத மையை வாடிக்கையாளர் பேனாவில் நிரப்புவார். சில நாட்களில் நிப்புக்கு அடியில் உள்ள மெல்லிய வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். பழி பேனாவின் மேல் விழும்.

உறைபனியைத் தாங்குவதற்கென்றே நூட்லர்ஸ் நிறுவனம் 'போலார்' என்ற வரிசையைச் செய்கிறது. நல்ல மைதான். ஆனால் ஊதாவும் இளம்பச்சையும் கேட்பவரிடம் அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்பது பதிலாகாது.

அப்படியானால் எப்படிக் கட்டுவது? முதலில் ஒன்று: தெர்மாகோலும் பபிள் ராப்பும் சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன, அவ்வளவே. டொரண்டோவிலிருந்து வின்னிபெக்குக்குச் சாலைவழி 2,000 கிலோமீட்டருக்கும் மேல். சுப்பீரியர் ஏரியின் வடகரையைச் சுற்றி லாரி வர வேண்டும். சில மணி நேரத் தாமதம் எந்த மூலைக்கு? வண்ணமீன் அனுப்புகிறவர்கள் சூட்டுப் பொட்டலம் வைக்கிறார்கள். உள்ளேயுள்ள இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து வெப்பம் தரும். 40 மணி நேரம், 72 மணி நேரம் என்று கணக்கிட்டு விற்கிறார்கள். அதை மைப்புட்டியோடு காற்றுப் புகாத பைக்குள் திணித்தால் சூடே வராது. பைக்கு வெளியே, காற்றோட்டத்துடன் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு புட்டியும் தனித்தனி ஜிப் பையில், உறிஞ்சுகிற தாளோடு இருக்கட்டும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். குளிரில் பிளாஸ்டிக் மூடியும் கண்ணாடிக் கழுத்தும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பேனாவும் மையும் ஒரே ஆர்டரில் இருந்தால் தயவுசெய்து ஒரே பையில் போடாதீர்கள். உள்ளே ஒரு துண்டுச்சீட்டும் வையுங்கள்: திறக்காமல் வாளிக்குள் வைத்து ஒரு நாள் அறை வெப்பத்தில் விடவும், ஹீட்டர் மேல் வைக்க வேண்டாம் என்று. இதற்கு ஆகும் செலவு ஒரு தாள்.

அனுப்பும் நாளும் முக்கியம். திங்கட்கிழமை கிளம்பும் பார்சலுக்கும் வியாழக்கிழமை கிளம்பும் பார்சலுக்கும் இடையே, சூடேற்றாத கிடங்கில் கழியும் ஒரு வார இறுதி இருக்கிறது. போய்ச் சேரும் இடமும் அப்படியே. எங்களில் பலருக்கு வாசலில் தபால் வருவதில்லை. தெருமுனையில் வெட்டவெளியில் நிற்கும் உலோகப் பெட்டியில் வரும். ஷாப்பர்ஸ் டிரக் மார்ட் மருந்துக்கடைகள் பலவற்றுக்குள் தபால் கவுண்டர் இருக்கிறது, கதகதப்பாக. பார்சலை அங்கே வைத்துக்கொள்ளட்டுமா என்று ஆர்டரிலேயே கேட்கலாமே?

இவ்வளவும் செய்தாலும் மைனஸ் 35இல் ஏதேனும் ஒன்று உடையும். உங்களைக் கடவுளாக இருக்கச் சொல்லவில்லை. குளிர் வரும் என்பது நாட்காட்டியில் இருக்கிறது; அதைத் தெரிந்தே அனுப்பிவிட்டு இழப்பை மட்டும் வாங்குகிறவர் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். அனுப்ப முடிவெடுப்பவர் நீங்கள் என்றால் உடைசலும் உங்களுடையது. அதைச் சுமக்க முடியாத சிறு கடை என்றால், அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வையுங்கள்: "என் மையை ஏப்ரலில் அனுப்பவும்." பேனாவையும் தாளையும் இப்போதே அனுப்பலாம், அவற்றைக் குளிர் ஒன்றும் செய்யாது. தபால் செலவு இரண்டு முறை ஆகும் என்பீர்கள். இரண்டாவதை நான் தருகிறேன். இன்னும் பலர் தருவார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது ஒரு கடையின் கூடையில் மூன்று புட்டிகள் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கட்டம் மாறிய அன்று பணம் செலுத்துகிறேன்.

இப்படிக்கு,
வின்னிபெக்கிலிருந்து ஒரு வாடிக்கையாளர்