குடுமி யார் கையில்?

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் நீ கேட்டதற்கு அஞ்சு நிமிஷத்தில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம். பிபிசியின் ஸ்ட்ரிக்ட்லி நடனப் போட்டியில் நன்றாக ஆடிய ஜோடி போய்விட்டது, தடுமாறிய ஜோடி தங்கிவிட்டது, அப்புறம் நடுவர் எதற்கு என்று பர்மிங்ஹாம் அறையில் உங்களுக்குள் சண்டை. கடைசியில் நீ, "நம்ம ஊர் பிக் பாஸ் மாதிரி இதுவும் ஸ்கிரிப்ட்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டாய்.

ஸ்கிரிப்ட் என்று சொல்வது சுலபம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்தச் சுற்றில் ஆட்டக்காரரின் குடுமி யார் கையில் என்பதுதான். நடுவர் கையிலா, வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர் கையிலா, கூட ஆடுகிறவர்கள் கையிலா? மூன்றுக்கும் ஆட்டம் வேறு. நம் பக்கத்து எருது விடும் விழாவில் இந்த வம்பே இல்லை. குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த நொடியில் ஓடியதோ அதற்குப் பரிசு, கடிகாரம் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. டிவி போட்டியில் கடிகாரத்தின் இடத்தில் மனுஷர்களும் ஒரு கூட்டல் முறையும் இருக்கின்றன. முக்கால்வாசி "அநியாயம்" அந்தக் கூட்டல் முறையில்தான் பிறக்கிறது.

ஸ்ட்ரிக்ட்லியையே எடுத்துக்கொள். நான்கு நடுவர், ஆளுக்கு 10, மொத்தம் 40. ஆனால் அந்த 40 நேராகக் கணக்கில் ஏறாது. மதிப்பெண்ணை வரிசையாக்கி, வரிசைக்குப் புள்ளி கொடுக்கிறார்கள். பத்து ஜோடி இருந்தால் முதலில் நிற்பவருக்கு 10 புள்ளி, அடுத்தவருக்கு 9, இப்படிக் கீழே வரை. மக்கள் ஓட்டுக்கும் அதே மாதிரி வரிசைப் புள்ளி. இரண்டையும் கூட்டி, கடைசி இரண்டு ஜோடிகளை டான்ஸ் ஆஃபுக்கு, அதாவது யார் வெளியேறுவது என்று தீர்க்கும் மறு ஆட்டத்துக்கு, அனுப்புகிறார்கள். கூட்டுத்தொகை சமமானால் மக்கள் ஓட்டில் மேலே இருப்பவர் மேலே. டான்ஸ் ஆஃபில்தான் நடுவர் கைக்குக் குடுமி வருகிறது. அங்கே இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் தலைமை நடுவர் பேச்சே முடிவு.

இதில் முதல் கோளாறு, வரிசை போட்டால் இடைவெளி செத்துப்போகிறது. 39 வாங்கியவருக்கும் 38 வாங்கியவருக்கும் ஒரு புள்ளி வித்தியாசம். 38க்கும் அடுத்துள்ள 26க்கும் அதே ஒரு புள்ளிதான். நடுவர் மேசையில் நடந்த பெரிய தோல்வி கூட்டும்போது சின்னச் சறுக்கலாகிவிடுகிறது.

2008 அரையிறுதியைத் தேடிப் படி. மூன்று ஜோடி. ரேச்சல் ஸ்டீவன்ஸும் லிசா ஸ்னோடனும் நடுவர் பட்டியலில் சமமாக முதலிடம், ஆளுக்கு 3 புள்ளி. டாம் சேம்பர்ஸுக்கு 1. இப்போது மக்கள் டாமை முதலிடத்தில் வைத்தாலும் அவருக்கு 1+3, ஆக 4. மற்ற இருவரில் ஒருவருக்கு 3+2, ஆக 5. இன்னொருவருக்கு 3+1, ஆக 4. எப்படிக் கூட்டினாலும் டாம் கடைசி இரண்டில்தான். அதாவது அவருக்காகப் போட்ட ஓட்டுகளால் அவரைக் காப்பாற்ற வழியே இல்லை. பிபிசி வேறு வழியில்லாமல் மூன்று பேரையும் இறுதிக்கு அனுப்பியது. அங்கே டாமே ஜெயித்தார். சமன் வந்தபோது அடுத்தவருக்கு 2 என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. யாரும் சதி செய்யவில்லை பாப்பா, சமன் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டி யோசிக்கவில்லை, அவ்வளவுதான். இறுதிப் போட்டியில் நடுவர் மதிப்பெண் வெறும் வழிகாட்டல், ஓட்டு மட்டுமே எண்ணப்படும் என்பதையும் உன் தோழிகளுக்குச் சொல். பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது.

அமெரிக்காவின் டான்சிங் வித் த ஸ்டார்ஸில் பல சீசன்களில் வரிசைக்குப் பதில் விழுக்காடு வைத்திருந்தார்கள். அது நியாயம் போலத் தோன்றும். போட்டுப் பார். நான்கு ஜோடி 30, 29, 28, 24 வாங்குகிறார்கள் என்று வை. மொத்தம் 111. பங்கு 27, 26.1, 25.2, 21.6. கடைசி ஆள் ஆறு மதிப்பெண் பின்தங்கியும், பங்கில் ஐந்தரைக்குள்தான் பின்தங்குகிறார். மக்கள் ஓட்டிலோ ஒருவருக்கு 40, இன்னொருவருக்கு 12 என்று வரலாம். நடுவர்கள் எல்லோருக்கும் 7, 8, 9 என்று அள்ளிக் கொடுக்கக் கொடுக்க, அவர்கள் குரல் தானாகவே தேய்கிறது. 2018இல் வானொலிக்காரர் பாபி போன்ஸ் குறைந்த மதிப்பெண்களோடு வந்து பட்டம் வாங்கினார். அவருடைய நேயர் கூட்டம் அவ்வளவு பெரியது. நடுவருக்கு உண்மையிலேயே பலம் வேண்டுமென்றால் 3ம் 4ம் போடத் துணிய வேண்டும். முதல் வாரத்தில் துணிகிறவர்கள்கூட கடைசி வாரங்களில் கை தளர்ந்துவிடுகிறார்கள்.

இனி நம் பிக் பாஸ். 2017இல் இங்கே தொடங்கியதிலிருந்து இரண்டு கை உண்டு: நாமினேட் செய்வது, அதாவது வெளியேற்றப் பட்டியலில் நிறுத்துவது, வீட்டுக்குள் இருப்பவர்கள், காப்பாற்றுவது வெளியே இருப்பவர்கள். காப்பாற்றும் ஓட்டு என்பதைக் கவனி. 2000இல் உங்கள் பிரிட்டனில் பிக் பிரதர் ஆரம்பித்தபோது, யார் போக வேண்டும் என்று ஓட்டு கேட்டார்கள். அந்த ஒரு மாற்றம் ஆட்டத்தையே புரட்டிப் போடும்.

நூறு பேர் ஓட்டுப் போடுகிறார்கள், ஐந்து பேர் நாமினேஷனில். அதில் ஒருவரை 65 பேருக்குப் பிடிக்கவில்லை, 35 பேருக்கு உயிர். வெளியேற்றும் ஓட்டு என்றால் அவர் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டும். காப்பாற்றும் ஓட்டு என்றால் 35 அவருக்கு. மீதி 65 நான்கு பேருக்குச் சிதறும், சராசரி 16 சொச்சம். அவரே முதலிடம். பிடிக்காதவர்கள் ஒன்றுகூடித் திட்டம் போட்டாலும் நான்கு பேரையும் 35க்கு மேல் தூக்க முடியாது. அதனால் இந்த ஆட்டத்தில் வெறுக்கப்படுகிறவர் சுலபமாகப் போக மாட்டார். "நல்ல பையன், யாரோடும் சண்டை இல்லை" என்று பேர் எடுத்தவர்தான் நான்காவது வாரம் போவார். எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் யாருக்கும் முதல் ஆள் இல்லை. உங்கம்மா ஒவ்வொரு சீசனிலும் இப்படி ஒருவரைத்தான் பிடித்துக்கொண்டு வருத்தப்படுவாள்.

நாமினேஷனில் விவரம் தெரிந்தவர்கள் பார்ப்பது மூன்று விஷயம். பலமான ஆளை வெளியேற்ற நினைத்துத் திரும்பத் திரும்ப நாமினேட் செய்தால், அவருடைய ரசிகர்களுக்கு வாராவாரம் ஓட்டுப் போடும் பழக்கம் வந்துவிடும். பத்து வாரம் பத்திரமாக இருந்துவிட்டு முதல் தடவை மாட்டுகிறவருக்கு அந்தப் பழக்கம் உள்ள கூட்டமே இருக்காது. அடுத்தது, ஒரே ரசிகர் கூட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்கள் இருவரையும் ஒரே வாரத்தில் நிறுத்தினால் ஓட்டு பிளக்கும். நட்பு முற்றி வீட்டிலேயே ஒரு தனிக் கட்சியானவர்களுக்கு வரும் வினை இது. மூன்றாவது சின்னக் கூட்டத்தின் பலம். பதினாலு பேர் இருந்தால், ஆளுக்கு இரண்டு என்று 28 ஓட்டு பல பேர் மேல் சிதறும். நாலே பேர் பேசிவைத்து ஒரே இரண்டு பேரைச் சொன்னால் அந்த இரண்டு பேரும் பெரும்பாலும் மாட்டுவார்கள். பேசிவைக்கக் கூடாது என்பது விதி. கண்ணால் பேசுகிறவர்களை என்ன செய்வது?

வைல்டு கார்டையும், அதாவது சீசன் நடுவில் உள்ளே போகிறவரையும், இதோடு வைத்துப் பார். 2023 அக்டோபர் கடைசியில் ஏழாம் சீசன் வீட்டுக்குள் ஐந்து பேர் போனார்கள். அதில் ஒருவரான அர்ச்சனா 2024 ஜனவரியில் பட்டம் வாங்கினார். தமிழில் வைல்டு கார்டு ஜெயித்தது அதுதான் முதல் தடவை. தாமதமாகப் போகிறவருக்கு நாள் குறைவு, கூட்டாளியும் இல்லை. ஆனால் வெளியே யாருக்கு நல்ல பேர், யாருக்குக் கெட்ட பேர் என்று தெரிந்துகொண்டு போகிறார். உள்ளே இருக்கும் கூட்டம் சேர்ந்து ஒதுக்கினால், பார்க்கிறவர்களின் பரிவும் அவர் பக்கமே சாயும்.

வார இறுதியில் தொகுப்பாளர் ஒருவரை வறுத்தெடுக்கிறார், மறுநாள் வேறு ஒருவர் வெளியேறுகிறார், உடனே "பார், ஸ்கிரிப்ட்" என்கிறார்கள். வழக்கமாக வெள்ளிக்கிழமையோடு ஓட்டு மூடிவிடும். சனிக்கிழமை வாங்கிய திட்டு அந்த வாரக் கணக்கில் வரவே வராது, அடுத்த வாரத்தில்தான் தெரியும். உங்கள் ஊரிலும் அப்படித்தான், ஞாயிறு காட்டும் முடிவைச் சனி இரவே எடுத்து முடித்துவிடுகிறார்கள். முடிவு முன்கூட்டியே கசிவதற்குக் காரணமும் இதுவே.

இணையத்தில் ஓடும் கருத்துக்கணிப்புகளை நம்பிப் பந்தயம் கட்டாதே. ஒரே ஆள் பிரவுசரை மாற்றி மாற்றிக் குத்தலாம், ரசிகர் "ஆர்மி" சேர்ந்து குத்தலாம். மேலே யார் என்பதை அவை பெரும்பாலும் சரியாகச் சொல்லும், அது நமக்குத் தேவையில்லாத தகவல். கீழே கடைசி இரண்டு பேருக்குள் இடைவெளி பெரிதாகவும், நாலைந்து தளங்களில் ஒரே மாதிரியாகவும் இருந்தால் மட்டும் கொஞ்சம் மதிப்புக் கொடு. ஆர்மி என்றதும் நினைவுக்கு வருகிறது: முதல் சீசனில் ஓவியாவுக்கு அத்தனை ஆதரவு இருந்தும் அவரே வெளியே வந்துவிட்டார். காப்பாற்றத்தான் ஓட்டு, உள்ளே தங்க வைக்க அதற்குச் சக்தி இல்லை.

பணப்பெட்டி விஷயத்தில் உனக்கும் எனக்கும் உடன்பாடு வராது என்று தெரியும். கடைசிக் கட்டத்தில் வைக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு பட்டத்தை விட்டு விலகுகிறவரைக் கோழை என்கிறாய். கணக்கைப் பார். பட்டத்துக்கு 50 லட்சம். ஐந்தாம் சீசனில் சிபி எடுத்தது 12 லட்சம். 12ஐ 50ஆல் வகுத்தால் 24 சதவீதம். ஜெயிக்கும் வாய்ப்பு அதற்குக் கீழே என்று நினைப்பவர் எடுப்பதே புத்தி. ஏழாம் சீசனில் பூர்ணிமாவின் 16 லட்சத்துக்கு எல்லைக்கோடு 32 சதவீதம். அது நல்ல பேரம். மூன்றாம் சீசனில் கவின் எடுத்த 5 லட்சத்துக்கு எல்லைக்கோடு வெறும் 10. அவர் வாய்ப்பு அதைவிட அதிகம் என்பது என் கட்சி. வரியைப் பற்றிக் கேட்பாய்: பரிசுப் பணத்துக்கு 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 31.2. பெட்டிக்கும் பட்டத்துக்கும் ஒரே வெட்டு என்பதால் விகிதம் மாறாது.

தெலுங்கில் கதை வேறு. நம் கேபிளில் அதையும் பார்க்கிறோமே, நான்காம் சீசனில் சோஹேல் 25 லட்சத்தை எடுத்துக்கொண்டு போனார். அது பட்டத்துப் பணத்தில் கழிந்து அபிஜித்துக்கு 25 லட்சமே மிஞ்சியது. அப்படிக் கழிக்கும் விதி இருந்தால், நீ எடுக்காமல் விட்டதை இன்னொருவர் எடுக்கும்போது உன் பரிசு சுருங்கும். 12 லட்சம் போனால் மிச்சம் 38; எல்லைக்கோடு 24இலிருந்து 32 பக்கம் ஏறுகிறது. ஒரு போட்டியாளர் குறைவதால் உன் வாய்ப்பு சற்றுக் கூடும், அதையும் சேர்த்துக்கொள். தமிழில் எட்டாம் சீசனில் பெட்டியை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று மாற்றினார்கள். ஜாக்குலின் நேரத்துக்குள் திரும்பாததால் வெளியேறினார். பணத்தை எடுத்துக்கொண்டு விலகுவது என்பது போய், அந்த சீசனில் காலை நம்பி இறங்குவது என்றானது.

குடுமி கூட ஆடுகிறவர் கையில் இருக்கும் ஆட்டம் சர்வைவர், அங்கே ஆடுகிறவர்களே ஓட்டுப் போட்டு ஒருவரையொருவர் வெளியேற்றுவார்கள். அமெரிக்க சர்வைவரில் நீ வெளியேற்றிய ஆட்களே கடைசியில் நடுவர். ரஸல் ஹான்ட்ஸ் 2009இல் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கவிழ்த்து இறுதிக்கு வந்தார். நடுவர் குழு நடாலி வைட்டுக்கு 7, அவருக்கு 2. அடுத்த சீசனில் அவருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை, சாண்ட்ரா டயஸ்-ட்வைன் இரண்டாம் தடவை ஜெயித்தார். திறமைசாலி தோற்றார் என்று இன்னமும் வாதாடுகிறார்கள். வெளியே அனுப்பும்போது அவமானப்படுத்தாமல் அனுப்புவதும் அந்தத் திறமையில் ஒரு பாகம். அதில் அவர் பூஜ்யம்.

தன் மேல் விழுந்த ஓட்டை அழிக்கும் ஐடல் எதிரியிடம் இருக்கும்போது ஓட்டைப் பிரிக்கிறார்களே, அதற்கும் கணக்கு உண்டு. உன் கூட்டணி எட்டு, எதிரே மூன்று. நாலு நாலாக இருவர் மேல் போடு. ஒருவர் ஐடலை நீட்டி நாலை அழித்தாலும், மற்றவர் மேல் உள்ள நாலு அவர்களுடைய மூன்றைத் தாண்டும். ஏழு பேர் என்றால் 4-3 தான். ஐடல் நாலை விழுங்கினால் 3-3 சமன், மறு ஓட்டு. அதில் உன் பக்கம் ஜெயிக்கலாம். ஆனால் முதல் சுற்றிலேயே உன் ஆள் ஒருவர் நழுவினால் எதிரிக்கு நாலு, உனக்கு மூன்று, உன் ஆள் காலி. அதனால் பிரிப்பதற்கு முன் எதிரியை எண்ணாதே, உன் பக்கத்தில் தள்ளாடுகிறவரை எண்ணு. ஜீ தமிழில் 2021இல் சான்சிபாரில் எடுத்த சர்வைவரில் விஜயலட்சுமி ஜெயித்ததை நாம் சேர்ந்து பார்த்தோமே, அதையும் இந்தக் கண்ணோடு திரும்பப் பார்.

சமையல் போட்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாம் ருசி பார்க்க முடியாது, அதனால் வாதாடவும் உரிமை இல்லை. தட்டு நடுவரிடம் போகும் வரிசையை மட்டும் கவனி. காரமான கறிக்குப் பின்னால் போகும் மென்மையான பாயசம் பாவம்.

வரும் சனிக்கிழமை ஒன்று செய். நடுவர் மதிப்பெண் முழுக்க வந்ததும் வரிசைப் புள்ளியை எழுதிக்கொள். சமன் வந்தால் அடுத்தவருக்கு எத்தனை கொடுக்கிறார்கள் என்று அந்த வருஷத்து விதியைப் பார்த்துக்கொள். பட்டியலின் நடுவில் நின்று போன வாரமும் நடுவில் நின்றவர் யார் என்று பார். என் கணிப்பில் ஆபத்து அவருக்குத்தான். கடைசியில் நிற்பவருக்காக ஜனங்கள் பதறி ஓட்டுப் போடுவார்கள், நடுவில் இருப்பவர் பத்திரம் என்று விட்டுவிடுவார்கள். டான்ஸ் ஆஃபுக்குப் போகும் இரண்டு பேரை முடிவுக்கு முன்னால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. முடிவுக்குப் பின்னால் அனுப்பினால் கணக்கில் சேராது. உங்கம்மா தனியாக ஒரு பட்டியல் அனுப்பச் சொல்கிறாள், அவளுடையது முகத்தைப் பார்த்துப் போடுவது.

அப்பா