முதல் டெஸ்டுக்கு முன்னால் இரண்டு ஆட்டம்: கிரிக்கெட் வாரியத்துக்கு வடசென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தில் வெளிநாட்டுப் பயண அட்டவணை போடும் பெரியவர்களுக்கு,

வணக்கம். கேட்க வந்தது ஒன்றே ஒன்று, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் தொடர் ஆட வெளிநாடு போகும் நம் அணிக்கு, முதல் டெஸ்டுக்கு முன்னால் அந்த நாட்டு அணிகளோடு குறைந்தது இரண்டு முழு ஆட்டங்களாவது ஏற்பாடு செய்யுங்கள். மூன்று நாளோ நான்கு நாளோ, பதினோரு பேருக்குப் பதினோரு பேர், அவுட் என்றால் அவுட். வலைப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மட்டும் போதாது என்கிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பையன்களின் டென்னிஸ் பால் டீமுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். கிரிக்கெட்டில் எனக்கு இருக்கும் பதவி அவ்வளவுதான்.

வடசென்னை என்றாலே கால்பந்து, குத்துச்சண்டை, கேரம் என்றுதான் வெளியே பேச்சு. தப்பில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் நடக்கும் மாதங்களில் விடியற்காலையில் காசிமேடு பக்கம் வந்து பாருங்கள். மெல்போர்ன், சிட்னி ஆட்டங்கள் நமக்குக் காலை 5 மணிக்குத் தொடங்கும். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் சூடுபிடித்திருக்கும் நேரம் அது. டீக்கடையில் பிஸ்கட் பாட்டில் மேல் சாய்த்து வைத்த போனில் ஆட்டம் ஓடும். ஐஸ் கூடை தூக்குகிறவர் ஒரு ஓவர் நின்று பார்த்துவிட்டுப் போவார். திரும்பி வரும்போது "எத்தினி விக்கெட்டு போச்சு?" என்பார். எத்தனை ரன் என்று கேட்க மாட்டார். வெளிநாட்டில் முதல் டெஸ்ட் என்றால் எங்களுக்கு அப்படித்தான் பழகிவிட்டது.

2024இல் என்ன நடந்தது என்று பார்ப்போம். நவம்பர் 3ஆம் தேதி மும்பையில் நியூசிலாந்திடம் மூன்றாவது டெஸ்டையும் தோற்று 0-3 என்று தொடரை முடித்தோம். நவம்பர் 22ஆம் தேதி பெர்த்தில் ஆஸ்திரேலியாவோடு முதல் டெஸ்ட். நடுவில் ஏறக்குறைய மூன்று வாரம் கையில் இருந்தது. அந்த ஊர் அணி எதனோடும் ஆடவில்லை. நம் இரண்டாம் வரிசை அணியான இந்தியா ஏ அணியோடு ஆடுவதாக இருந்த ஆட்டத்தையும் விட்டுவிட்டு, பெர்த்திலுள்ள வாக்கா மைதானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நமக்குள்ளேயே பந்து போட்டு, நாமே அடித்துக்கொண்டோம். 'மேட்ச் சிமுலேஷன்' என்று அதற்கு ஒரு பெயர். அவுட் ஆனவரே கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்து மட்டை பிடிக்கலாம். அதில் ஃபீல்டிங் செய்யும்போது சுப்மன் கில்லின் கட்டைவிரல் உடைந்து, அவர் பெர்த் டெஸ்டில் ஆட முடியாமல் போனதுதான் மிச்சம்.

வியாசர்பாடிக்கோ திருவொற்றியூருக்கோ பெட் மேட்ச் ஆடப் போவதென்றால், எங்கள் பையன்கள் முந்தின நாள் சாயங்காலமே இரண்டு பேரை அனுப்பி கிரவுண்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். எந்தப் பக்கம் மேடு, எங்கே குத்தினால் பந்து எழும்பாமல் தரையோடு வரும், லெக் சைடில் சாக்கடை இருக்கிறதா என்று எல்லாம் விசாரித்து வைத்துக்கொள்வார்கள். ஆட்டத்தன்று முதல் பந்து ட்ரயல். அதற்கு அப்புறம்தான் பவுலர் "ஆல் ரியல்ஸ்" என்று கத்துவான், இனி எல்லாப் பந்தும் நிஜம் என்று அர்த்தம். தலைக்கு ஐம்பது ரூபாய் பந்தயத்துக்கே இவ்வளவு முன்னேற்பாடு. வாக்காவில் நடந்ததில் ஆல் ரியல்ஸ் என்று கத்த ஆளே இல்லை.

பெர்த்தில் 295 ரன் வித்தியாசத்தில் வென்றோமே என்பீர்கள். வென்றோம்தான், குதித்தும் கொண்டாடினோம். ஆனால் முதல் இன்னிங்ஸில் 150க்குச் சுருண்டதை மறக்க வேண்டாம். பும்ரா என்ற ஒரு மனிதர் 30 ரன் கொடுத்து 5 விக்கெட் சாய்த்து அவர்களை 104க்கு முடக்காமல் இருந்திருந்தால் கதை வேறு. அப்புறம் கான்பெராவில் பிரதமர் லெவனோடு இரண்டு நாள் ஆட்டம் வைத்தீர்கள். முதல் நாளை மழை கொண்டுபோனது, மறுநாள் 46 ஓவர் ஆட்டமாகச் சுருங்கியது. குழந்தை பிறந்ததால் பெர்த்தில் ஆடாத கேப்டன் ரோகித்துக்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்த ஒரே ஒத்திகை அதுதான். நேராக அடிலெய்டில் பகலிரவு டெஸ்டின் இளஞ்சிவப்புப் பந்தைச் சந்திக்கப் போனார். 10 விக்கெட்டில் தோற்றோம். கடைசியில் தொடர் 3-1. 32 விக்கெட் எடுத்த பும்ரா, முதுகு பிடித்துக்கொண்டதால் சிட்னியில் கடைசி இன்னிங்ஸில் பந்தே போடவில்லை. நடுவில் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு எங்கள் அஸ்வின் விடைபெற்றது வேறு புண். அதை இங்கே கிளறவில்லை.

தோற்று வந்த பிறகு 2025 ஜனவரியில் பத்து விதிகள் போட்டீர்கள். குடும்பத்தார் எத்தனை நாள் கூடத் தங்கலாம், எத்தனை கிலோ பெட்டி கொண்டுபோகலாம், எல்லாரும் அணி பஸ்ஸில்தான் வர வேண்டும் என்று விவரமாக எழுதினீர்கள். உள்ளூர் ஆட்டங்களில் ஆட வேண்டும் என்றதும் நல்லதுதான். ரோகித்தும் கோலியும் ரஞ்சி ஆடியதைப் பார்க்க முடிந்தது. ஆனால் போகிற நாட்டில் பயிற்சி ஆட்டம் உண்டு என்று அந்தப் பத்தில் ஒரு விதிகூட இல்லை. மனைவி வந்ததாலா அடிலெய்டில் பந்து ஸ்விங் ஆனது?

கே.எல். ராகுலைக் கவனித்தீர்களா? 2024இல் அவரையும் துருவ் ஜுரேலையும் முன்கூட்டியே அனுப்பி, மெல்போர்னில் ஆஸ்திரேலியா ஏ அணிக்கு எதிராக ஆட வைத்தீர்கள். ராகுல் எடுத்தது 4, 10. எல்லாரும் சிரித்தார்கள். அதே ராகுல் பெர்த் இரண்டாவது இன்னிங்ஸில் 77 எடுத்தார், ஜெய்ஸ்வாலோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 201 ரன். மறு வருடம் இங்கிலாந்துப் பயணம். ஐபிஎல்லில் டெல்லி அணி பிளேஆஃபுக்குப் போகாததால் அவர் சீக்கிரம் கிளம்பி, நார்தாம்ப்டனில் அவர்களின் இரண்டாம் வரிசை அணியான இங்கிலாந்து லயன்ஸுக்கு எதிராக 116 அடித்தார். அந்த டெஸ்ட் தொடரில் அவர் எடுத்தது 532 ரன். ஜுரேல் மெல்போர்னில் 80, 68 என்று அடித்துவிட்டுப் பெர்த்தில் 11, 1 என்று போனதும் எனக்கு நினைவிருக்கிறது. பயிற்சி ஆட்டம் ரன்னுக்கு உத்தரவாதம் தராது. அந்த மண்ணில், அந்த வெளிச்சத்தில், அவுட் ஆகிவிடுவோமோ என்ற பயத்தோடு நின்ற நேரத்தைத் தரும். வலையில் அந்தப் பயம் வருவதில்லை.

எங்கள் ஊர்ப் பையன் சாய் சுதர்சன் 2025 ஐபிஎல்லில் 759 ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கியவர். மே 30 வரை குஜராத் அணிக்கு டி20 ஆடினார். ஜூன் 20 அன்று லீட்ஸில் முதல் டெஸ்ட். 0, 30. சர்ரே கவுண்டிக்கு ஆடிய பழக்கம் இருந்ததால் பிறகு மான்செஸ்டரில் 61 எடுத்து நிமிர்ந்தார். அதே குஜராத் அணியின் கில் அதே லீட்ஸில் 147 அடித்தாரே என்று கேட்டால், அடித்தார்தான். கில் போல எல்லாரும் இருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

2020இல் இரண்டு பயிற்சி ஆட்டம் ஆடியும் அடிலெய்டில் 36க்கு ஆல் அவுட் ஆனோமே என்று ஒருவர் என்னிடம் மடக்கினார். நல்ல கேள்வி. அந்த இரண்டு ஆட்டங்களின் ஸ்கோரை எடுத்துப் பாருங்கள். டிரம்மாய்ன் ஓவலில் ரஹானே ஆட்டமிழக்காமல் 117. சிட்னியில் இளஞ்சிவப்புப் பந்தில் ரிஷப் பந்த் சதம். அடிலெய்டில் ஆடிய பதினோரு பேரில் ரிஷப் பந்த் இல்லை. மெல்போர்னில் ரஹானே கேப்டனாக நின்று 112 அடித்தார், 2021 ஜனவரி 19 அன்று பிரிஸ்பேனின் கப்பா மைதானத்தில் பந்த் 89 அடித்து ஆட்டத்தை முடித்து வைத்தார். எழுந்து வந்தவர்கள் யார் என்று பார்த்தீர்களா?

அந்த கப்பா டெஸ்டில் நெட் பவுலராகக் கூட்டிப்போன நடராஜன் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். டி20 முடிந்த பிறகும் ஊருக்கு அனுப்பாமல் வலையில் பந்து போட நிறுத்தி வைத்த வாஷிங்டன் சுந்தர் 3 விக்கெட்டும் 62 ரன்னும். ஷர்துலோடு அவர் சேர்த்த 123 ரன் இல்லாவிட்டால் கடைசி நாள் துரத்தல் என்று ஒன்று இருந்திருக்காது. கொரோனா காலத்துக் கட்டாயத்தில் நடந்தது அது. மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள், அந்த மண் பழகியது. நீங்கள் திட்டம் போட்டுச் செய்திருந்தால் இன்னும் பாராட்டியிருப்பேன்.

உங்கள் பக்கத்துச் சமாதானம் ஒன்று உண்டு. பயிற்சி ஆட்டத்துக்கு அவர்கள் இரண்டாந்தர பவுலர்களைத்தான் அனுப்புகிறார்கள், தட்டையான பிட்ச் போடுகிறார்கள், அதனால் பயனில்லை என்பது. சரி, நாம் மட்டும் யோக்கியமா? 2012இல் இங்கிலாந்து இங்கே வந்தபோது மூன்று பயிற்சி ஆட்டம் கொடுத்தோம். நல்ல சுழற்பந்து அவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டோம் என்பது ஊரறிந்த விஷயம். அகமதாபாத்தில் முதல் டெஸ்டைத் தோற்ற அதே அணிதான் மும்பையில் ஸ்வான், பனேசர் என்ற சுழற்பந்து வீச்சாளர்கள் இருவரையும் வைத்து நம்மைச் சுருட்டி, தொடரை 2-1 என்று எடுத்துக்கொண்டு போனது. 2018இல் கேப்டவுன் டெஸ்டுக்கு முன்னால் பார்லில் இருந்த இரண்டு நாள் ஆட்டத்தை வேண்டாம் என்றது நாம். அதே வருடம் செம்ஸ்ஃபோர்டில் எசெக்ஸோடு நான்கு நாள் ஆட்டத்தை மூன்று நாளாகக் குறைத்ததும் நாம்தான். தென்னாப்பிரிக்காவில் 2-1, இங்கிலாந்தில் 4-1. இரண்டிலும் தோற்ற பக்கம் நாம்.

அடுத்து நேரமில்லை என்பீர்கள். 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், மே 30 விடியலில் முடிந்தது. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா பத்து ரன் அடித்ததைப் பார்த்து இங்கே எந்தத் தெருவும் தூங்கவில்லை, என் வீடும்தான். ஜூன் 7 அன்று லண்டன் ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி. அந்த ஐபிஎல் இறுதியில் ஆடிய ஜடேஜா, ரஹானே, கில், ஷமி எல்லாரும் எட்டாவது நாள் இங்கிலாந்தில் பயன்படுத்தும் டியூக்ஸ் பந்தின் முன்னால் நின்றார்கள். 209 ரன்னில் தோற்றோம். ஐபிஎல் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. மஞ்சள் சட்டை என் பீரோவிலும் இருக்கிறது. ஆனால் ஐந்து வருட ஒளிபரப்பு உரிமையை 48,390 கோடி ரூபாய்க்கு விற்ற வாரியத்துக்கு, பத்து நாள் முன்னால் டிக்கெட் போட வக்கில்லை என்றால் எங்கள் தெருவில் நம்ப ஆளில்லை.

இரண்டே டெஸ்ட் மட்டும் கொண்ட தொடர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் செஞ்சுரியன் டெஸ்டை இன்னிங்ஸ் தோல்வியாக மூன்றே நாளில் விட்டோம். அடுத்ததை கேப்டவுனில் 7 விக்கெட்டில் வென்றோம். பழகிக்கொண்டு எழுந்தபோது தொடரே முடிந்துவிட்டது. மூன்றாவது டெஸ்ட் இல்லாத ஊருக்குத்தான் பயிற்சி ஆட்டம் இன்னும் அவசியம்.

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள். மெட்ராஸின் எம்.ஜே. கோபாலன் 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டு கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஹாக்கி அணி தங்கம் வாங்கியது, அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பயணத்தில் டெஸ்ட் கிடைக்காதவனுக்குக் கவுண்டி ஆட்டங்களாவது இருந்தன. இன்றைக்கு அபிமன்யு ஈஸ்வரன் 2024இல் ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்ட், 2025இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட் என்று பெஞ்சிலேயே இருந்துவிட்டு வந்தார். டெஸ்டுகளுக்கு நடுவே ஒரு மூன்று நாள் ஆட்டம் வைத்திருந்தால் அவரும் மட்டை பிடித்திருப்பார், தேர்வாளர்களுக்கும் பார்க்க ஏதாவது இருந்திருக்கும். தண்ணீர் பாட்டில் தூக்குவதை வைத்து யாரை எடை போட முடியும்?

2025 இங்கிலாந்துப் பயணத்தில் ஏ அணிக்கு லயன்ஸோடு இரண்டு நான்கு நாள் ஆட்டங்கள் வைத்தீர்கள். நல்ல காரியம். ரோகித், கோலி, அஸ்வின் யாரும் இல்லாமல் 2-2 என்று சமன் செய்து வந்தோம், ஓவலில் 6 ரன்னில் வென்ற அன்று சிராஜை இங்கே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அதை ஏ அணியோடு நிறுத்தாதீர்கள். டெஸ்டில் இறங்கப்போகும் பதினோரு பேரையும் அதில் ஆட வையுங்கள். ஐபிஎல் எப்போது முடிந்தாலும் சரி, இங்கிலாந்துப் பயணத்தின் முதல் டெஸ்டுக்கு மூன்று வாரம் இடைவெளி இருக்கும்படி அந்த ஊர் வாரியத்தோடு இப்போதே பேசுங்கள். அவர்கள் நம் வீட்டுக்கு வரும்போது நாமும் ஒழுங்கான ஸ்பின்னர்களை அனுப்பினால் பேரம் பேச வாய் இருக்கும்.

கடைசியாக, கதவைச் சாத்தாதீர்கள். பயிற்சி ஆட்டத்தை டிவியில் போட வேண்டாம், போனில் ஸ்கோர் வந்தால் போதும். காசிமேட்டு டீக்கடையில் அதையும் பார்க்க ஆள் உண்டு.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு ஸ்கோரர்