படுக்க வைத்து அளப்பவர்களுக்கு, நிற்க வைத்தும் அளக்கக் கோரி

தமிழ்நாட்டின் பொது மருத்துவர்களுக்கும், அவர்களை உருவாக்கும் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் கணிதம் கற்பிப்பவள். முழுநேரமும் நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை அது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஒரு காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு, கரும்பலகையின் முன் பத்து நிமிடம் நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருவதும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதும், நான் எழுதிய எண்ணே எனக்குப் பிடிபடாமல் போவதும் நாள் தவறாமல் நடந்தன. என்ன நோய் என்று தெரிய மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆயின. அதற்குள் ஏழு மருத்துவர்களைப் பார்த்திருந்தேன். அவர்களில் எவர் மீதும் புகார் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள், வேண்டிய பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றை மட்டும் ஆறு பேர் செய்யவில்லை. என்னை நிற்க வைத்து நாடியை எண்ணவில்லை.

எனக்குச் செய்யப்பட்ட பரிசோதனைகளை இப்போது வரிசையாக நினைத்துப் பார்க்கையில் சிரிப்பும் வருகிறது. ஈ.சி.ஜி. படுக்க வைத்து எடுத்தார்கள். இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோவுக்கு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்தேன், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.க்கும் படுக்கைதான். ரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் மேசையோரத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்கள், அது 110/70ஐ விட்டு அதிகம் நகரவே இல்லை. இருபத்து நான்கு மணிநேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைக் கட்டிவிட்ட அன்றாவது உண்மை வெளிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கருவி கெட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நான் அன்று முழுவதும் வீட்டில் படுத்தே கிடந்தேன். எல்லா அறிக்கைகளும் 'நார்மல்' என்றே வந்தன, அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. நிற்கும்போது மட்டும் வெளிப்படும் ஒரு கோளாறைப் படுத்திருக்கும் உடம்பில் தேடினோம், அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியாத உடலியங்கியலை நான் சொல்லப்போவதில்லை. ஆயினும் இந்த மடலை நோயாளிகளும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு பத்தி எழுத அனுமதியுங்கள். படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் ஏறத்தாழ அரை லிட்டருக்கு மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் அந்தக் குறைவை நொடிப்பொழுதில் மூளைத்தண்டுக்குத் தெரிவிக்க, தானியங்கு நரம்பு மண்டலம் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தைச் சற்றே விரைவுபடுத்தி, தலைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. பள்ளி அறிவியல் நூலில் பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என்று நாம் மனப்பாடம் செய்த அந்த ஏற்பாடு சரியாக நடக்கும்வரை, அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. குழாய்கள் போதிய அளவு சுருங்காதபோது இதயம் மட்டும் அந்தப் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்து ஓடுகிறது. எனக்கு வந்திருக்கும் பாட்ஸ் (POTS) என்ற கோளாறில், அதாவது எழுந்து நின்றதும் நாடி அளவு மீறி ஏறிவிடும் கோளாறில், நடப்பவற்றுள் இதுவும் ஒன்று.

பெயர் தெரியாத நோய்க்கு ஊரில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பித்தம் என்றார்கள், எலுமிச்சை சாறும் இஞ்சியும் குடித்தேன். ரத்தம் குறைவு என்றார்கள், ஹீமோகுளோபின் 12.8 இருந்தும் முருங்கைக்கீரை தின்றேன். ஒருவர் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்று சொன்னபோது என் தாயார் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லை நம் பேருந்து நிலையச் சுவர்களில் லாட்ஜ் வைத்தியர்கள் என்ன பாடு படுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். நரம்பில் கோளாறு என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலைமைக்கு அந்தச் சுவரொட்டிகளுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

நான்காவது மருத்துவர் இது பதற்ற நோய் என்று முடிவு செய்து மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை. பதற்றத்திலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இரண்டும் ஒருவரிடமே இருக்கவும் கூடும். அளந்து பார்க்காமல் அனுப்பியதுதான் குறை. ஆனால் இந்தக் கதையில் நான் எதிர்பாராதது, உண்மைக்கு முதலில் அருகில் வந்தவர் அந்த மனநல மருத்துவர்தான் என்பது. நாற்பது நிமிடம் பேசிய பிறகு அவர் கேட்டார்: "படுத்தால் உடனே சரியாகிவிடுகிறது என்கிறீர்களே, கவலையும் அதே நேரத்தில் போய்விடுகிறதா?" கவலை எங்கும் போகவில்லை, படபடப்புதான் போகிறது என்றேன். நின்றபடி நாடியைப் பார்க்கச் சொல்லி அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அடுத்து நான் பார்த்த இருவர் அந்த வரியைப் படித்தும், என்னை நாற்காலியில் உட்கார வைத்தே நாடி பிடித்தார்கள்.

கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் கிடந்த ஆக்சிமீட்டரை எடுத்து, கடைசியில் நானே எண்ணத் தொடங்கினேன். எண்கள் என் தொழில்தானே. காலையில் படுக்கையில் 72. எழுந்து நின்ற இரண்டாவது நிமிடத்தில் 104. எட்டாவது நிமிடத்தில் 121. பதினெட்டு நாள் குறிப்பை ஒரு கோடிட்ட நோட்டில் எழுதி எடுத்துப்போனபோது, ஏழாவது மருத்துவர், பயிற்சி முடித்து அதிக ஆண்டுகள் ஆகாத இளைஞர், அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பத்து நிமிடம் படுக்கச் சொன்னார். பிறகு நிற்க வைத்து, ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம், பத்தாம் நிமிடங்களில் அழுத்தத்தையும் நாடியையும் எழுதினார். நாடி 74இலிருந்து 119க்கு ஏறியது, அழுத்தம் இறங்கவில்லை. பிறகு ஒரு பெரிய மருத்துவமனையில் சாய்மேசைப் பரிசோதனை (படுக்க வைத்துக் கட்டிய மேசையை நிமிர்த்தி நாடியையும் அழுத்தத்தையும் அளப்பது) செய்து அதை உறுதிப்படுத்தினார்கள்.

அளவுகோல் ஒன்றும் மறைபொருள் அன்று. நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி, படுத்திருந்த அளவைவிட நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் ஏறி நிலைத்திருக்க வேண்டும். 12 முதல் 19 வயதினருக்கு அது 40. ரத்த அழுத்தம் கணிசமாக இறங்கியிருக்கக் கூடாது, தொல்லைகள் மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும், ரத்தசோகை, தைராய்டு, நீரிழப்பு, மருந்துகள் போன்ற வேறு காரணம் இருக்கக் கூடாது. அழுத்தம் மூன்று நிமிடத்துக்குள் மேலளவில் 20 அல்லது கீழளவில் 10 இறங்கினால் அது வேறொரு கோளாறு, அதையும் இதே சோதனை காட்டிவிடும். பாட்ஸ் என்ற பெயரை ஷோண்டார்ஃப், லோ ஆகியோர் மேயோ கிளினிக்கிலிருந்து எழுதியது 1993இல். ஆனால் இதை ஒத்த தொல்லையை அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் கண்டு ஜேக்கப் டா கோஸ்டா எழுதியது 1871இல். உடல் நிலை மாறும்போது நாடியும் வெகுவாக மாறுகிறது என்பதை அவர் அப்போதே குறித்து வைத்திருந்தார். அவரிடம் எக்கோவும் இல்லை, எம்.ஆர்.ஐ.யும் இல்லை.

தாமதம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் அன்று. 2019இல் வெளியான ஒரு பன்னாட்டுக் கணிப்பில் பாட்ஸ் நோயாளிகள் 4,835 பேர் பதில் சொல்லியிருந்தார்கள், அவர்களில் 94 விழுக்காட்டினர் பெண்கள். நோய் கண்டறிவதற்கான காத்திருப்பின் இடைநிலை அளவு 24 மாதங்கள், அதாவது பாதிப் பேர் அதைவிட அதிக காலம் காத்திருந்தார்கள். நான்கில் மூன்று பேருக்கு முதலில் வேறு ஏதோ நோயின் பெயர் சொல்லப்பட்டிருந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நான் காத்திருந்தது அந்த இடைநிலை அளவையும் தாண்டிய காலம்.

உங்கள் பதிலை நான் ஊகிக்க முடியும். வெளியே நூறு பேர் சீட்டோடு நிற்கும்போது ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும்? நியாயமான கேள்வி, அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நின்று, பாதியில் தரையில் உட்கார்ந்து திட்டு வாங்கியவள் என்ற முறையில் அந்தக் கூட்டம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் மருத்துவருடையதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு செவிலியர், ஒரு பெஞ்சு, ஒரு மின்னணு பிரஷர் கருவி போதும். குதிகாலைச் சற்று முன்தள்ளிச் சுவரில் சாய்ந்து நிற்க வைக்கும் முறையும் உண்டு. விழுந்துவிடாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், நோயாளி பேசிக்கொண்டும் காலை அசைத்துக்கொண்டும் நிற்கக் கூடாது. இதில் மிகக் கடினமான பகுதி இந்தக் கடைசி நிபந்தனைதான்.

இதை எனக்காக மட்டும் கேட்கவில்லை என்பதற்கு என் தந்தையே சாட்சி. அவருக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. சென்ற ஆண்டு விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகும் வழியில் மூன்று முறை விழுந்தார். உட்கார வைத்துப் பார்த்த அழுத்தம் அதிகமாக இருந்ததால் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். நான்காவது முறை விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதற்குள் நான் பாடம் கற்றிருந்தேன். படுக்கையில் 164/90. நின்ற மூன்றாவது நிமிடத்தில் 118/70. நாடி 78இலிருந்து 82க்கு மட்டுமே போனது. அழுத்தம் அத்தனை இறங்கியும் இதயம் விரையவில்லை என்றால், அந்தச் செய்தியைக் கொண்டுபோக வேண்டிய நரம்பே நீரிழிவால் பழுதாகியிருக்கிறது என்று பொருள். எனக்கும் அவருக்கும் ஒரே கோளாறு அன்று, ஏறத்தாழ எதிரெதிரானவை. இரண்டையும் காட்டிக் கொடுத்தது ஒரே சோதனை. மருந்து நேரத்தை மாற்றி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, எழுமுன் கட்டில் ஓரத்தில் சற்று உட்காரப் பழக்கிய பிறகு அவர் இதுவரை விழவில்லை.

இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் சென்னைக்காரர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் இன்று வீட்டு வாசலிலேயே அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கருவி ஏற்கெனவே திண்ணைக்கு வந்துவிட்டது. வெகுகாலமாக நீரிழிவு உள்ள முதியவர்களை மட்டுமாவது படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை அளக்கப் பழக்கினால் எத்தனை மணிக்கட்டுகளும் இடுப்பெலும்புகளும் தப்பும் என்பதை உங்களால்தான் கணக்கிட முடியும்.

நோயறிந்த பின் என் வாழ்க்கை தலைகீழாகிவிடவில்லை. உப்பைக் கூட்டச் சொன்னார்கள். பொதுவாக எல்லோருக்கும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ் என்று அறிவுறுத்தப்படும் நாட்டில், மருத்துவர் மேற்பார்வையில் அதைவிட அதிகம் உண்பவளாக, உப்புப் போட்ட நீராகாரத்தோடு நாளைத் தொடங்குகிறேன். நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இடுப்பு வரை இறுக்கும் காலுறை (மே மாதத்தில் அது தனித் தண்டனை), தரையில் படுத்தபடி செய்யும் உடற்பயிற்சி, குறைந்த அளவில் ஒரு மாத்திரை. நிற்கையில் கால்களைப் பின்னிக்கொண்டால் தலைக்கு ரத்தம் ஏறும் என்று கற்றேன். உட்காரும்போதும் அதே பழக்கம் தொற்றி, பெரியவர்கள் முன் கால்மேல் கால் போடுகிறாள் என்ற கெட்ட பெயரும் கிடைத்திருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் மருத்துவச் சான்றைக் காட்டி வகுப்பில் ஓர் உயரமான முக்காலி பெற்றேன். நோயின் பெயர் தெரியாதிருந்தால் அந்த முக்காலியைக் கேட்கும் துணிவு எனக்கு வந்திருக்காது.

எனவே, மருத்துவக் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வார்டில் மாணவர்களுக்கு நாடி பார்க்கக் கற்றுத்தரும் அன்றே, நோயாளி நின்ற பின்னும் அதை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பொது மருத்துவர்களிடம் வேண்டுவது அதைவிடச் சிறியது. தலைசுற்றல், படபடப்பு, காரணம் தெரியாத மயக்கம் என்று வருபவரிடம் 'எல்லாம் நார்மல்' என்று சொல்லுமுன் இந்தச் சோதனையை ஒருமுறை செய்யுங்கள். புறநோயாளிச் சீட்டில் பி.பி. என்றும் பல்ஸ் என்றும் ஒவ்வொரு கட்டம் இருக்கிறது. குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே 'படுத்து', கீழே 'நின்று' என்று எழுதினால் போதும். என் பதினெட்டு நாள் நோட்டின் நகலை, வகுப்பில் காட்டப் பயன்படும் என்று நினைக்கும் எந்த ஆசிரியருக்கும் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
முக்காலியில் அமர்ந்து பாடம் நடத்தும் ஒரு கணித ஆசிரியை