பெண் ஆயருக்கு மட்டும் ஏன் அற்புதம்?

கிறிஸ்தவக் குடும்பப் படம் எடுக்க நினைக்கும் தமிழ் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். சின்ன ஊர் ஒன்றுக்கு ஆயராக, அதாவது சபைப் போதகராக, வரும் பெண்ணைக் கதாநாயகியாக வைத்து, வீட்டோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு விசுவாசப் படம் எடுக்கலாம் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், முதலில் என் வாழ்த்துகள். நம் சினிமாவில் பாதிரியார் என்றாலே பெரும்பாலும் கத்தோலிக்க ஃபாதர்தான். வெள்ளை அங்கி, பாவசங்கீர்த்தனக் கூண்டு, நாலு மெழுகுவர்த்தி, 'மகனே' என்று ஒரு விளிப்பு, முடிந்தது. குருமனையில் பெண்டு பிள்ளைகளோடு குடியிருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயரைத் திரையில் பார்ப்பதே அபூர்வம். பெண் ஆயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, கதைக்கு வருவோம். நீங்கள் இன்னும் எழுதாத அந்தத் திரைக்கதை எனக்கு இப்போதே தெரியும். புது ஆயர் சேகரத்துக்கு (ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் சபை வட்டாரத்துக்கு) வருகிறார். கமிட்டியில் மீசையும் வெள்ளை வேட்டியுமாக ஒரு பெரியவர், "பொம்பள பிரசங்கம் பண்ணி நாங்க கேக்கணுமா?" என்கிறார். இடைவேளைக்கு முன் ஆயருக்கு ஓர் அவமானம். இடைவேளைக்குப் பின் அந்தப் பெரியவரின் பேரப்பிள்ளை படுத்த படுக்கையாகிறது, டாக்டர் கையை விரிக்கிறார். ஆயர் முழங்காலில் நிற்கிறார். வெளியே மழை கொட்டுகிறது. பிள்ளை கண் திறக்கிறது. பெரியவர் தேம்பித் தேம்பி அழுகிறார். சுபம்.

என் வழக்கு இந்தக் கதையோடுதான். ஆண் ஆயர் ஒரு சேகரத்துக்கு வர, ஆயர்களுக்கு மேலே இருக்கும் பேராயரின் இடமாற்ற உத்தரவு போதும். அவர் யாரையும் பிழைக்க வைத்துக் காட்ட வேண்டியதில்லை. சுமாராகப் பிரசங்கம் பண்ணினாலும் அடுத்த இடமாற்றம் வரை ஓட்டிவிட்டுப் போகலாம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் அவரோடு ஒரே பெஞ்சில் படித்து, அவரைப் போலவே குருப்பட்டம் பெற்று வந்த பெண்ணுக்கு மட்டும் வானத்திலிருந்து சான்றிதழ் இறங்க வேண்டுமா? தியேட்டரில் கைதட்டுவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'அற்புதம் செய்கிற பெண் என்றால் பரவாயில்லை' என்ற நினைப்போடுதான் வீட்டுக்குப் போவார்கள். அற்புதம் எதுவும் செய்யாமல், ஒழுங்காக வேலை பார்க்கிற அடுத்த பெண் ஆயருக்கு உங்கள் படம் பாரமாகிவிடும்.

ஜெபம் கேட்கப்படவே கூடாது என்பதல்ல. விசுவாசப் படத்தில் கேட்கப்படாமல் வேறு எதில் கேட்கப்படும்? அவர் அந்த இடத்தில் நிற்கலாமா என்ற வழக்குக்கு அதைத் தீர்ப்பாக்காதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் நாடகத்துக்கு எங்கே போவது என்பீர்கள். அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஆராதனைக்குப் போங்கள். சபையார் வரிசையாக வந்து ஆல்டர் முன் முழங்காலில் நிற்கிறார்கள். ஆயர் ஒவ்வொரு உள்ளங்கையிலும் அப்பத்தை வைத்துக்கொண்டே போகிறார். ஒருவர் மட்டும் எழுந்து வரவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடி பெஞ்சிலேயே இருக்கிறார். போன மாதம் வெளியூர்க் குருவானவர் வந்திருந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர் அவர். ஆயர் இதைப் பார்த்துவிட்டார். ஆனால் அடுத்த கை நீண்டிருக்கிறது, அதில் அப்பம் வைக்க வேண்டும், சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். அரை நிமிடக் காட்சி. வசனகர்த்தாவுக்கு வேலையே இல்லை.

தயவுசெய்து அந்த மனிதரை வில்லனாக்காதீர்கள். பெண் உபதேசம் பண்ணக் கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தில் இருப்பதைச் சின்ன வயதிலிருந்து வாசித்து நம்பியவர் அவர். அதே பவுல், ரோமர் 16-இல் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளை எவ்வளவு மரியாதையோடு அனுப்பிவைக்கிறார் என்பதைப் பற்றி அவர் ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை. அவர் மனைவி இறந்த இரவில் இந்த ஆயர்தான் முதலில் வந்து நிற்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்கு மண் என்று சொல்லிப் பிடிமண் போடட்டும். அதற்காக அடுத்த ஞாயிறே பெரியவர் முன்னால் வந்து கையை நீட்டிவிட வேண்டாம். கடைசிவரை அவர் பெஞ்சிலேயே இருந்தாலும், ஆயர் தம் வேலையைப் பார்க்கிறார் என்றால் எனக்கு அது நல்ல படம்தான்.

சிரிப்புக்கும் பஞ்சமில்லை. ஆயரின் மனைவிதான் பெண்கள் ஐக்கியச் சங்கத்தைப் பார்த்துக்கொள்வார் என்று பழகிப்போன கமிட்டி, இப்போது குருமனையில் இருக்கும் கணவரை என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கும். அசனப் பண்டிகையில் ஆயரைப் பந்திக்கு ஜெபம் பண்ணக் கூப்பிடுவதா, பரிமாறக் கூப்பிடுவதா? மைக் செட் வாங்கியதற்கு ரசீது எங்கே என்று அவர் கேட்டால் கூட்டம் எப்படி அமைதியாகும்? குடும்பப் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதெல்லாம் நம் ஊரில் எடுபடுமா என்று ஃபைனான்சியர் கேட்பார். பாளையங்கோட்டைக்கு ஒரு நடை கூட்டிப் போங்கள். 1778-இல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா என்ற விதவையின் முயற்சியால் எழும்பிய ஆலயம் அங்கே இருக்கிறது. 1785-இல் பிரதிஷ்டையானது. திருநெல்வேலிச் சபையின் வரலாற்றை அந்தப் பெண்ணை விட்டுவிட்டுத் தொடங்கவே முடியாது. சபையை நாட்ட ஒரு பெண் போதும், நடத்த மட்டும் போதாதா என்று கேளுங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபை, பெண் ஒருவரைப் பேராயராக அபிஷேகம் பண்ண 66 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 2013-இல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு வந்த புஷ்பலலிதா அம்மையார்தான் அவர். அதுவரை நடந்ததையும் அதற்குப் பிறகு நடப்பதையும் வைத்து ஒன்றல்ல, நாலு படம் எடுக்கலாம்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் நான் விடாப்பிடி. பெண் பிரசங்கம் பண்ணலாமா என்று இரண்டு மணி நேரம் வாதாடிவிட்டு, அவர் பிரசங்க பீடத்தில் ஏறியதும் வயலினையும் கொயரையும் ஏற்றி விட்டுக் குரலை அமுக்கிவிடாதீர்கள். நாலு நிமிடமாவது அவர் பேசுவது காதில் விழட்டும். அந்தப் பிரசங்கத்தை வசனகர்த்தா எழுத வேண்டாம். இன்று சேகரத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஆயரிடம் எழுதி வாங்குங்கள், ஊழியம்தானே என்று ஓசியில் கேட்காமல் அதற்குரிய சம்பளத்தைக் கொடுங்கள், டைட்டிலில் அவர் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
பின் பெஞ்சில் உட்காரும் ஒரு சபையார்