லோடு ஏத்துனவரை யாரும் கேக்குறதில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

லாரி விபத்துச் செய்தி எது வந்தாலும் "டிரைவரின் அலட்சியம்"னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. ரொம்ப வருஷம் லாரி பட்டறையில வேலை பாத்தவன் நான், அந்த வரியப் படிக்கிறப்பல்லாம் வயிறு எரியுது, அதான் எழுதுறேன்.

ஓவர்லோடு ஏத்துனா வண்டி சொன்ன எடத்துல நிக்காதுன்னு டிரைவருக்குத் தெரியாதா என்ன, முதல்ல அடிபடப்போறதே அவர்தானே. தெரிஞ்சும் ஏன் எடுக்கிறாருன்னா, வாடகை டன் கணக்கு, அவருக்கு வர்றது டிரிப் கணக்கு இல்லன்னா அந்த வாடகையில ஒரு பங்கு, லோடு ஏத்துற எடத்துல நாள் முழுக்க காத்துக் கெடந்தாலும் அதுக்கு ஒரு பைசா கெடையாது. சொந்த வண்டின்னா மாசம் பொறந்தா டியூ கட்டணும். இவ்ளோ ஏத்தாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், லோடு பின்னாடி நிக்கிற வண்டிக்குப் போயிடும், அடுத்த தடவ புரோக்கர் போன எடுக்கமாட்டாரு.

இதவிடக் கொடும, எல்லாரும் கூட ஏத்த ஆரம்பிச்சா டன் வாடகையே எறங்கிடும். அப்புறம் அளவா ஏத்துற ஆளுக்கு டீசல் காசு கூட கட்டுப்படியாகாது. லாபம் பாக்கிறது சரக்கு அனுப்புறவரு, கேஸ் வாங்குறது டிரைவரு.

வண்டி பின்னாடி தாழ்ந்து நின்னா செக்கிங்ல தெரிஞ்சிடும்னு எடையத் தாங்குற ஸ்பிரிங்ல பட்டைக்கு மேல பட்டை சேத்துப் போடச் சொல்வாங்க. போட்டா வண்டி நிமிந்து நிக்கும், ஆனா பிரேக் அதே பிரேக்தான, கம்பெனி என்ன எடைக்குக் குடுத்தானோ அதுதான். அந்த மாதிரி வண்டி மலை எறங்கி வந்தப்புறம் சக்கரத்தோட சேந்து சுத்துற பிரேக் டிரம்ம கழட்டிப் பாத்தா உள்பக்கம் நீலம் பாஞ்சிருக்கும், முடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும், அதுல உரசி வண்டிய நிறுத்துற லைனிங் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஆயிருக்கும். வண்டியோட வேகம் மொத்தமும் சூடா மாறி அந்த டிரம்லதான் எறங்கணும், எடை கூடுற அளவுக்கு சூடும் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல எவ்ளோ அழுத்துனாலும் பிரேக் பிடிக்காது. லைனிங் மாத்துங்கன்னா அடுத்த டிரிப்ல பாத்துக்கலாம்பாங்க, ஏன்னா வண்டி ஒரு நாள் நின்னா வருமானமும் நின்னுடும்.

ரோடும் இதுலதான் போகுது. ஒரு ஆக்ஸில்ல, அதாவது சக்கரங்கள் மாட்டியிருக்கிற ஒரு அச்சுல, 10 டன்னுக்குப் பதிலா 12 டன் எறங்குனா சேதம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, 1950கள் கடைசியில அமெரிக்காவுல ரோடு போட்டு லாரி ஓட்டிப் பாத்த சோதனையில கெடச்ச கணக்கு இது. அந்தச் செலவு வரி கட்டுற எல்லார் தலையிலயும் விழுது.

வழி இல்லாம இல்ல. ஐரோப்பிய யூனியனோட 561/2006 விதியில 10வது பிரிவு, ஓடுன தூரத்துக்கோ ஏத்துன சரக்குக்கோ ஏத்த மாதிரி டிரைவருக்குச் சம்பளம் குடுத்து அது ரோடு பாதுகாப்பக் கெடுக்கும்னா குடுக்கவே கூடாதுங்குது. ஆஸ்திரேலியாவுல சரக்கு அனுப்புறவர், ஏத்துறவர், கம்பெனி எல்லாருமே சட்டப்படி பொறுப்பு. அமெரிக்காவுல ஆனா 1938ல வந்த சட்டத்துலயே லாரி டிரைவர்கள்ல பெரும்பாலானவங்கள ஓவர்டைம் சம்பள உரிமையில இருந்து ஒதுக்கிட்டாங்க, பணக்கார நாட்டுலயும் இந்தப் பொழப்பு இப்படித்தான்.

அதனால அபராதத்த மட்டும் ஏத்திட்டுப் போறது வேலைக்கு ஆகாது, அதையும் டிரைவர் கணக்குலதான் கழிப்பாங்க. லோடு ஏத்துற எடத்துலயே எடை போடணும், எடைச் சீட்டுல ஏத்துனவர் கையெழுத்து இருக்கணும், கூட இருந்தா அங்கயே எறக்கிட்டுத்தான் வண்டி வெளிய வரணும், எறக்குற கூலி அவர் பொறுப்பு. காத்துக் கெடக்கிற நேரத்துக்கு மணிக்கணக்குல டிரைவருக்குக் காசு குடுக்கணும், லேட்டானா நம்ம பணம்னு தெரிஞ்சா குடோன்காரங்களே சீக்கிரம் ஏத்தி அனுப்பிடுவாங்க.

இப்படிக்கு,
பழைய லாரி மெக்கானிக் ஒருத்தன்